வளவுக்குள் விழும் வெளிச்சம்: செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணப் படங்கள் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்தில் 16 வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். நகரத்தார் என்னும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பழைய வீடுகளில், அதிலும் வளவு எனப்படும் தூண்கள் சூழ்ந்த திறந்த முற்றத்தில், படம் எடுப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (மதுரை): அண்ணே, தை மாசம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டுக் கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை மண்டபம்தான் எடுத்திருக்கிறேன். வழக்கம்போல ஃப்ளாஷை மேலே திருப்பி அடித்தால் போதாதா?

போதாது தம்பி. மண்டபத்தில் வெள்ளைச் சீலிங் இருக்கும், அடித்த வெளிச்சம் திரும்பி வரும். இங்கே தலைக்கு மேல் பர்மாத் தேக்கு. பல வருஷத்துப் புகை ஏறிக் கறுத்த மரம் வெளிச்சத்தைக் குடித்துவிடும். திரும்பி வரும் கொஞ்சமும் பழுப்பாக வந்து முகத்தில் விழும். வளவின் நடுவில் நின்றால் மேலே சீலிங்கே கிடையாது, வானம்தான்.

அந்த வானம்தான் உங்கள் லைட். அதனால் கல்யாணத்துக்கு முந்தைய நாளே அந்த வீட்டுக்குப் போய்விடுங்கள். காலை எட்டு மணி, உச்சி வேளை, சாயங்காலம் நாலு மணி என்று மூன்று தடவை வளவில் நின்று, எந்தத் தூணில் வெயில் விழுகிறது என்று பாருங்கள். மாசத்துக்கு மாசம் இது மாறும். தை மாசத்தில் உச்சிச் சூரியன் தெற்கே நன்றாகச் சாய்ந்திருக்கும். அதனால் மத்தியான வெயில் வளவின் வடக்கு ஓரத்தில் விழும், தெற்கு ஓரம் குளிர்ந்த நிழலாக இருக்கும். சித்திரைத் தொடக்கத்தில் இந்த ஊருக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அப்போது யாரை நடுவில் நிறுத்தினாலும் கண் இருக்கும் இடம் கறுப்புக் குழியாகிவிடும்.

மாப்பிள்ளை பெண்ணை வளவின் நடுவில் நிறுத்தாதீர்கள். தூண் வரிசைக்கு ஒரே ஒரு அடி உள்ளே நிறுத்தி, முகத்தைத் திறந்த வானத்தின் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். முழு வளவும் ஒரு பெரிய சாஃப்ட்பாக்ஸ், அதாவது வெளிச்சத்தை மென்மையாக்கும் பெட்டி, ஆகிவிடும். பின்னால் இருட்டில் தேக்குக் கதவு மங்கலாகத் தெரியும், முகம் மட்டும் பளிச்சென்று எழுந்து நிற்கும். வெயிலுக்கும் நிழலுக்கும் நாலைந்து ஸ்டாப் வித்தியாசம் இருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). முகத்துக்கு எக்ஸ்போஷர் வைத்துக்கொண்டு, வெயில் பட்ட தரையை ஃப்ரேமுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். கொஞ்சம் தூக்கல் வேண்டுமென்றால் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து இரண்டு பேரை வெயிலில் பிடிக்கச் சொல்லுங்கள். அதைவிட நல்ல ரிஃப்ளெக்டரை நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. நிறைய வீடுகளில் வளவுக்கு மேலே கம்பி வலை போட்டிருப்பார்கள். வெயில் ஏறினால் அதன் நிழல் கட்டம் கட்டமாகப் பெண்ணின் கன்னத்தில் விழும். கேமரா திரையில் சின்னதாகப் பார்க்கும்போது தெரியாது, ஆல்பத்தில் பெரிதாகப் போட்டால் கண்ணைக் குத்தும்.

கேள்வி (கோவை): நான் எடுத்த படங்களில் தாடைக்குக் கீழே சிவப்பு ஏறுகிறது. ஒயிட் பேலன்ஸ் (கேமராவின் நிறச் சமன்) மாற்றினால் புடவை நிறம் போய்விடுகிறது. என்ன செய்யலாம், சார்?

தரை ஆத்தங்குடிக் கல்லாக, அதாவது இங்கே கையால் செய்கிற வண்ணத் தரை ஓடாக, இருந்திருக்கும். அந்தச் சிவப்பு வெளிச்சத்தை வாங்கி அப்படியே மேலே அனுப்பும், முகத்தின் அடிப்பக்கத்தில் படியும். இதை ஒயிட் பேலன்ஸால் சரி செய்ய முடியாது, ஏனென்றால் மேலிருந்து ஒரு நிறம், கீழிருந்து வேறு நிறம் வருகிறது. பெண் நிற்கும் இடத்துக்கு முன்னால், ஃப்ரேமில் வராதபடி ஒரு வெளிர்நிறக் கோரைப்பாயையோ வெள்ளைத் துணியையோ விரித்துவிடுங்கள். அவ்வளவுதான்.

முகப்பில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருந்தால் அங்கே முகத்தை எடுக்காதீர்கள். பச்சையும் நீலமும் தரையில் விழுகிறதே, அந்த இடத்தில் புடவைக் கொசுவத்தையும் மெட்டி போட்ட காலையும் எடுங்கள்.

கேள்வி (சென்னை, மணப்பெண்): எங்கள் ஐயா கட்டிய வீட்டில்தான் கல்யாணம். தனியாக ஒரு போர்ட்ரெய்ட் எடுக்க ஆசை. எந்தப் புடவை, எந்த இடம்?

முகூர்த்தப் பட்டோடு ஒன்று எப்படியும் எடுப்பார்கள். நீங்கள் கேட்கிற படத்துக்குக் கண்டாங்கி கட்டுங்கள் அம்மா. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நான் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. பட்டு வெளிச்சத்தைத் தெறிக்கும், பருத்தி வாங்கிக்கொள்ளும். கடுகு மஞ்சளும் அரக்கும் கட்டம் போட்ட பருத்திப் புடவை, தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் அந்த வீட்டிலேயே பிறந்ததுபோல உட்காரும்.

இடம் என்றால், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த சுவர் உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். கையை வைத்தால் சில்லென்று வழவழப்பாக இருக்கும். ஜன்னலுக்கு எதிரே அந்தச் சுவர் இருந்தால் வெளிச்சம் அதில் பட்டு மென்மையாகத் திரும்பும். அங்கே ஒரு மோடா போட்டு உட்காருங்கள், மேக்கப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (திருச்சி): திருப்பூட்டு (தாலி கட்டும்) நேரத்தில் சொந்தக்காரர்கள் முன்னால் வந்து மறைத்துவிட்டார்கள். முக்கியமான படமே இல்லை. இதற்கு வழி உண்டா?

உண்டு. அந்த நேரத்தில் யாரையும் விலகச் சொல்லாதீர்கள், அவர்கள் கல்யாணம் அது. மேல்மாடித் தாழ்வாரத்திலிருந்து வளவு தெரியும் வீடாக இருந்தால், தூரத்தை இழுக்கும் 70-200 லென்ஸோடு ஒருவரை முன்கூட்டியே அங்கே நிறுத்துங்கள். நீங்கள் கீழே அகலமாகப் பிடிக்கும் 35 எம்எம் லென்ஸ் போட்டு, மணையில் இருப்பவர்களின் கண் மட்டத்துக்குக் குனிந்து உட்காருங்கள். நிற்பவர்களின் கால்களுக்கு இடையில்கூட வழி கிடைக்கும்.

சீரியல் விளக்கும் எல்இடியும் எரிகிற இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மற்ற வேகங்களில் சில எல்இடி பட்டை பட்டையாக விழும். திருப்பூட்டோடு கேமராவை மூடிவிடவும் கூடாது. கல்யாணப் பதிவுப் பத்திரமான இசைகுடிமானம் எழுதும் கையையும், பரப்பி வைத்த சீர்ச் சாமான்களையும், வேவு என்னும் சீர் வந்து இறங்குவதையும் விட்டால் அது நகரத்தார் கல்யாண ஆல்பமே இல்லை.

கேள்வி (புதுக்கோட்டை): வைர நகை படத்தில் உயிரில்லாமல் வெறும் கண்ணாடி மாதிரி விழுகிறது. தங்கம் நன்றாக வருகிறது.

தங்கத்துக்குப் பெரிய, மென்மையான வெளிச்சம் வேண்டும். வைரத்துக்குச் சின்னப் புள்ளி வெளிச்சம். சாஃப்ட்பாக்ஸை அணைத்துவிட்டு, குத்துவிளக்கை ஒரு முழத் தூரத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். தோடு ஒவ்வொரு முகத்திலும் தெறிக்கும்.

கேள்வி (சென்னை): டெக்கரேஷன் ஆட்கள் சுவரில் டேப் ஒட்டலாமா என்று கேட்கிறார்கள். லைட்டுக்கு அங்கேயே கரண்ட் எடுக்கலாமா?

இரண்டுமே வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருஷம், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் வயரைச் சுவரோடு சேர்த்து டேப் போட்டேன். சாயங்காலம் உரித்தபோது ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சும் கூடவே வந்துவிட்டது. வீட்டு ஆச்சி திட்டவில்லை. உதிர்ந்ததைப் பொறுக்கி ஒரு தட்டில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பூச்சை அதே மாதிரி போட இன்று ஆள் தேடி அலைய வேண்டும். அன்றிலிருந்து என் பையில் டேப் கிடையாது.

ஸ்டாண்டின் காலுக்கெல்லாம் ரப்பர் மூடி போடுங்கள். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதல்ல. கண்ணாடிமேல் அச்சு வைத்துக் கையால் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. இரும்புக் கால் இழுத்தால் கீறல் விழும், மஞ்சள் தண்ணீர் தேங்கினால் கறை பிடிக்கும். பழைய வயரிங்கில் பெரிய லைட்டைச் செருகாதீர்கள், பேட்டரி லைட் கொண்டுபோங்கள்.

அனுமதி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமைக்காரர்களாக இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் சரி என்றால் எல்லாரும் சரி என்றதாக ஆகாது. பூட்டிய அறைக் கதவின் முன்னால் போஸ் கொடுப்பதற்குக்கூட ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): கல்யாணத்துக்கு முன் திருமயம் கோட்டையில் படம் எடுக்கலாமா?

அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. ட்ரைபாட், லைட் என்று போவதானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். வாசலில் பேசிக்கொள்ளலாம் என்று போகாதீர்கள்.

கேள்வி (பெங்களூர்): வளவுச் சுவரில் எங்கள் அப்பத்தாவும் ஐயாவும் உட்கார்ந்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. அதே மாதிரி எங்களையும் எடுக்க முடியுமா?

எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. முதலில் அந்தப் படத்தின் மூக்கு நிழலைப் பாருங்கள், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அதுவே சொல்லிவிடும். ஒற்றை ஜன்னல் வெளிச்சமாக இருந்தால் அதே பக்கம் ஜன்னல் வரும்படி நாற்காலி போடப் படம் எடுப்பவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அதே நாற்காலிகள். அநேகமாக மேல்மாடியில் கிடக்கும், தேடுங்கள். 85 எம்எம் லென்ஸ், உட்கார்ந்தவரின் நெஞ்சு உயரத்தில் கேமரா, எஃப் 5.6. பின்னணியை அதிகம் மங்கலாக்கக் கூடாது, அந்தக் காலப் படங்களில் அப்படி இருக்காது.

பிறகு ஷட்டரை 1/15-க்கு இறக்கி, ட்ரைபாடில் வைத்து எடுக்கச் சொல்லுங்கள்; நீங்கள் இருவரும் அசையாமல் இருங்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான் மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். அப்போது வரும் நிதானமான பார்வை, 1/500-இல் சிரிக்கச் சொன்னால் வராது. சுவரில் இருப்பதன் சட்டத்தை அளந்து, அதே அளவுக்குப் பிரிண்ட் போட்டு, மேல்பக்கம் கொஞ்சம் முன்னால் சாய்கிற மாதிரி பக்கத்து ஆணியில் மாட்டுங்கள். ஆணி ஏற்கெனவே இருக்கும். புதிதாக அடிக்க வேண்டாம்.