நூக்கு, நெருக்கு, நெரி: சில கேள்விகள்

கேள்வி: ஐயா, திருப்பள்ளியெழுச்சியில் 'சுந்தரர் நெருக்க விச்சாதரர் நூக்க' என்று வருகிறது. 'நோக்க' என்பதுதான் அச்சில் பிழையாகிவிட்டதோ?

பதில்: இல்லை, 'நூக்க' என்பதே சரி. நூக்குதல் என்றால் தள்ளுதல். தொண்டரடிப்பொடியாழ்வார் அந்த 7ஆம் பாட்டில் அரங்கன் கோயில் வாசலைக் காட்டுகிறார். இந்திரன் யானையோடு வந்து நிற்கிறான். 'அந்தரம் பாரிடம் இல்லை', அதாவது வானிலும் இடமில்லை, மண்ணிலும் இடமில்லை. அந்தக் கூட்டத்தில் யார் நின்று 'நோக்க' முடியும்?

முந்தின பாட்டையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே 'புகுந்து ஈண்டிய வெள்ளம்' என்கிறார். ஈண்டுதல் என்றால் திரளுதல். 6இல் கூட்டம் வந்து சேர்கிறது, 7இல் இடிபடுகிறது. நெருக்குவது பக்கவாட்டில் அழுத்துவது. நூக்குவது பின்னாலிருந்து முன்னே தள்ளுவது. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட இயக்கர்கள் (யட்சர்கள்) 'மயங்கினர்'. மயங்குதல் என்பதற்குக் கலத்தல் என்றும் பொருள் உண்டு. இங்கே இரண்டு பொருளும் பொருந்துகின்றன. தேவர்களையே தர்ம தரிசன வரிசையில் நிறுத்திவிட்டார் மனிதர்!

கேள்வி: அந்தச் சுந்தரர், நாயன்மார் சுந்தரரா?

பதில்: இல்லை. கந்தருவர்கள். விச்சாதரர் என்பது வித்யாதரர்.

கேள்வி: நூக்கு இப்போது எங்காவது வழக்கில் இருக்கிறதா சார்?

பதில்: கன்னடத்தில் நன்றாகவே இருக்கிறது. கூட்ட நெரிசலை 'நூகுநுக்கலு' என்பார்கள். நம் பேச்சில் அந்த இடத்தைத் தள்ளுதலும் முண்டியடித்தலும் பிடித்துக்கொண்டன.

கேள்வி: 'நெக்கு நெக்கு நினைபவர்' என்று அப்பர் பாடுவதும் நெருக்கத்தைத்தானா?

பதில்: அது நெகு என்ற வினையிலிருந்து வருவது. நெகிழ்ந்து, உருகி என்று பொருள்.

கேள்வி: நெருக்கு என்பதற்கு இலக்கியத்தில் இனிமையான இடம் உண்டா?

பதில்: உண்டு, திருக்கோவலூர் கதை. மழை இரவில் ஓர் இடைகழி. (நம் வீட்டு ரேழி என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான்.) ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையார், பூதத்தார், பேயார் என்ற ஆழ்வார்கள் மூவரும் நின்றுகொண்டிருக்க, நான்காவதாக யாரோ வந்து நெருக்குகிறார். வந்தவர் பெருமாள். யாரென்று பார்க்க விளக்கேற்றியதுதான் 'வையம் தகளியா' என்ற பாட்டு. 'கோவல் இடைகழியே பற்றி' என்று பொய்கையாரே பாடியும் இருக்கிறார். நெருக்கடி, நெருக்கம் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கேள்வி: செய்தி எழுதும்போது நெரிசல், தள்ளுமுள்ளு இரண்டில் எதைப் போடுவது?

பதில்: தள்ளுமுள்ளுக்கு எதிரெதிராக இரு தரப்பு வேண்டும். நெரிசலுக்குத் தரப்பே கிடையாது. எல்லோரும் ஒரே பக்கம் போகப் பார்க்கும்போதுதான் அது உண்டாகிறது. நெரி கொஞ்சம் கொடிய வினை. சம்பந்தர் பதிகங்களில் இராவணன் மலைக்கடியில் மாட்டிக்கொண்டு நெரிபடுவான், நாம் கழுத்தை நெரிப்பது என்கிறோம். உயிர் போகிற அளவு அழுத்தம் இருந்தால் நெரிசல் என்றே எழுதுங்கள். பேருந்தில் இடம் பிடிக்க அடித்துக்கொண்டதற்கு முண்டியடித்தார்கள் என்றால் போதும்.