இயேசு பிறந்தது கூடாரப்பண்டிகையிலா?

"இயேசு டிசம்பரில் பிறக்கவில்லை, யூதர்களின் கூடாரப்பண்டிகையில்தான் பிறந்தார் என்கிறார்களே, வேதத்தில் ஆதாரம் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடி ஆதாரம் இல்லை. நாளையும் மாதத்தையும் சுவிசேஷங்கள் சொல்லவே இல்லை. சொல்லப்படுவது ஒரு கணக்கு. நானும் ஒரு காலத்தில் நோட்டில் கட்டம் போட்டு அதை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

யோவான் ஸ்நானகனின் அப்பா சகரியா, அபியாவின் வகுப்பைச் சேர்ந்த ஆசாரியர் என்கிறார் லூக்கா. 1 நாளாகமம் 24-ன்படி ஆசாரியர்கள் 24 வகுப்பு, அபியா எட்டாவது. ஒரு வகுப்புக்கு ஒரு வார ஆலயப் பணி. யூதர்களின் முதல் மாதமான நிசானிலிருந்து (மார்ச்-ஏப்ரல்) எண்ணி, எல்லா வகுப்பாரும் சேர்ந்து பணிசெய்யும் பஸ்கா, பெந்தெகொஸ்தே பண்டிகை வாரங்களையும் கூட்டினால், சகரியாவின் முறை சீவான் மாதத்தில் (மே-ஜூன்) வரும். அவர் வீடு திரும்பியதும் மனைவி எலிசபெத்து கர்ப்பவதியானாள் என்றால், யோவான் பிறப்பது பஸ்கா சமயம். மரியாளிடம் தூதன் வந்தது எலிசபெத்தின் ஆறாம் மாதத்தில். ஆக, இயேசு பிறப்பது திஷ்ரி மாதம் (செப்டம்பர்-அக்டோபர்), கூடாரப்பண்டிகையை ஒட்டி.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வகுப்புக்கும் வருடத்தில் இரண்டு முறை வரும். லூக்கா சொல்வது எந்த முறை? இரண்டாவதை எடுத்தால் பிறப்பு வசந்த காலத்துக்குப் போய்விடும். நான் அங்கேதான் நோட்டை மூடினேன். டிசம்பர் 25-ம் ரோமில் 354-ல் தொகுத்த ஒரு நாட்காட்டியில் இருப்பதுதான், சுவிசேஷத்தில் இல்லை.

ஆனாலும் இந்தப் பண்டிகைக்கும் அவர் பிறப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. யோவான் சுவிசேஷம் 1:14-ல் "நமக்குள்ளே வாசம்பண்ணினார்" என்று படிக்கிறோமே, அங்கே கிரேக்கத்தில் இருக்கும் சொல் 'எஸ்கேனோசென்', அதாவது கூடாரம் போட்டுத் தங்கினார். 'ஸ்கேனே' என்றால் கூடாரம். அதே சுவிசேஷத்தின் 7:2-ல் கூடாரப்பண்டிகையைக் குறிக்கும் சொல்லும் இதே வேரிலிருந்து வருவதுதான். இதை முதலில் கவனித்த அன்று அந்த வசனத்தைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

அந்தப் பண்டிகைக்கு யூதர்கள் போடும் குடிலை நினைத்துப் பாருங்கள். கூரைக்கு வெறும் தழைதான். இரவில் படுத்தால் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பது வழக்கம். வனாந்தரத்தில் முன்னோர்கள் கூடாரத்தில் இருந்ததை மறக்காமல், நல்ல வீடு இருந்தும் ஏழு நாள் அதற்குள் வந்து தங்குவார்கள். பெத்லகேம் பிள்ளையைப் பற்றி யோவான் சுவிசேஷம் சொல்வதும் எனக்கு அப்படித்தான் கேட்கிறது.