லேட் நைட் டாக் ஷோக்களின் திரைமறைவுச் சண்டையைக் காட்டும் நல்ல தொடரோ படமோ இருக்கிறதா?

இருக்கிறது. 1996-இல் அமெரிக்காவின் எச்பிஓ சேனலில் வந்த 'தி லேட் ஷிஃப்ட்'. தொடர் இல்லை, ஒன்றரை மணி நேரத் தொலைக்காட்சிப் படம். நியூயார்க் டைம்ஸ் நிருபர் பில் கார்ட்டர் எழுதிய புத்தகத்தை வைத்து பெட்டி தாமஸ் இயக்கினார். ஒரு பெரிய இரவு டாக் ஷோவை அடுத்து நடத்தப்போவது டேவிட் லெட்டர்மனா, ஜே லெனோவா என்று இரண்டு நகைச்சுவைக்காரர்களுக்குள் நடந்த சண்டைதான் கதை. ஆனால் நான் இதைப் பார்க்கச் சொல்வது அவர்கள் இருவருக்காகவும் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பின்னணி. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 'தி டுநைட் ஷோ' என்ற டாக் ஷோவை 1962 முதல் 30 வருடம் நடத்தியவர் ஜானி கார்சன். அடுத்த வருடம் விலகுகிறேன் என்று 1991 மே மாதம் அறிவித்தார். கார்சன் முடித்ததும் இரவு 12:30 மணிக்கு வருகிற நிகழ்ச்சியை 1982-இலிருந்தே லெட்டர்மன் செய்துகொண்டிருந்தார். கார்சனின் நாற்காலி தனக்குத்தான் என்று அவர் நம்பினார், பார்த்தவர்களில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். கார்சன் விடுப்பெடுக்கும் நாட்களில் அந்த இடத்தில் உட்கார்ந்தவர் லெனோ. என்பிசி லெனோவைத் தேர்ந்தெடுத்தது.

அது புரியாத முடிவு இல்லை. லெனோ ஊர் ஊராகப் போய், என்பிசி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் உள்ளூர் நிலையக்காரர்களிடம் சிரித்துப் பேசி, கை குலுக்கி, அவர்களுக்கு விளம்பரம் எடுத்துக் கொடுத்தவர். லெட்டர்மனோ முதலாளியையே மேடையில் கிண்டல் செய்கிறவர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் என்பிசியை வாங்கியபோது, பழக்கூடையோடு கேமராவையும் தூக்கிக்கொண்டு அவர்களுடைய அலுவலகத்துக்கே போனார். காவலாளிகள் வாசலிலேயே தடுத்ததை அப்படியே ஒளிபரப்பினார். இப்படிப்பட்டவருக்கு எந்த மேலதிகாரி பெரிய நாற்காலி கொடுப்பார்?

சரி, இப்போது நான் சொல்ல வந்த ஆள். ஹெலன் குஷ்னிக், லெனோவின் மேலாளர். லெனோவை நாற்காலியில் உட்கார வைத்ததும் இவர்தான், அதை ஆட்டம் காண வைத்ததும் இவர்தான். கார்சனை என்பிசி வெளியேற்றப் பார்க்கிறது என்று நியூயார்க் போஸ்ட்டில் வந்த செய்திக்குப் பின்னால் இருந்தவர் இவர். லெனோ பதவியேற்றபோது இவரே நிகழ்ச்சியின் தயாரிப்புத் தலைவரும் ஆனார். 1992 மே 25, லெனோவின் முதல் நாள். 30 வருடம் அந்த இடத்தில் இருந்த மனிதரின் பெயரைக்கூட லெனோ அன்று சொல்லவில்லை. அதுவும் ஹெலனின் பிடிவாதம். போட்டி நிகழ்ச்சி நடத்திய ஆர்சீனியோ ஹாலிடம் போகிற நட்சத்திரத்துக்கு இங்கே இடமில்லை என்று மிரட்டி விருந்தினர்களை இழுத்தார். அலுவலகத்தில் கத்தல், கதவை அறைதல், போனைப் பட்டென்று வைத்தல். செப்டம்பரில் என்பிசி அவரை வேலையைவிட்டு நீக்கியது. லெனோ அங்கேயே தங்கிவிட்டார்.

இந்தப் பாத்திரத்தில் கேத்தி பேட்ஸ். கோல்டன் குளோப் வாங்கிய நடிப்பு. பொல்லாத பெண் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடக்கூடிய பாத்திரம்தான், ஆனால் பேட்ஸ் அதற்கு இடம் கொடுப்பதில்லை. அந்தக் கத்தலுக்கு அடியில், யாரும் தனக்கு எதையும் சும்மா தரமாட்டார்கள் என்று தெரிந்தவளின் பயம் இருக்கிறது. லெனோ நல்ல பிள்ளையாக எல்லாரிடமும் சிரிக்க முடிந்தது எதனால்? திட்டு வாங்குகிற வேலையை ஹெலன் பார்த்துக்கொண்டதால்தான். அவர் செய்தது எதுவுமே தனக்குத் தெரியாது என்று லெனோ சொல்வதை என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. படமும் அவ்வளவாக நம்பவில்லை என்றுதான் தோன்றுகிறது.

ஹெலன் போன பிறகுதான் லெனோவுக்குச் சொந்தமாகத் தந்திரம் பிறக்கிறது. லெட்டர்மனைப் போட்டித் தொலைக்காட்சியான சிபிஎஸ் பெரிய தொகையோடு கூப்பிட, நாற்காலியில் லெனோவையே வைத்துக்கொள்வதா லெட்டர்மனை உட்கார வைப்பதா என்று என்பிசி அதிகாரிகள் தொலைபேசியில் கலந்து பேசினார்கள். லெனோ ஒரு சின்ன அறைக்குள் ஒளிந்துகொண்டு அந்தப் பேச்சு முழுவதையும் ஒட்டுக்கேட்டுக் குறிப்பெடுத்தார். கற்பனை இல்லை, உண்மையாக நடந்தது. ஒரு பெரிய நெட்வொர்க்கின் முதன்மை நட்சத்திரம் தன் வேலை நிலைக்குமா என்று சுவருக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் காட்சி ஒன்றுக்கே படத்தைப் பார்க்கலாம்.

கடைசியில் என்பிசி லெட்டர்மனிடமும் ஒரு வாக்குறுதி நீட்டுகிறது: இப்போது இல்லை, லெனோவின் ஒப்பந்தம் முடிந்ததும் நாற்காலி உனக்கு. வாழ்நாள் கனவு, ஆனால் அடுத்தவரை எழுப்பிவிட்டு உட்கார வேண்டும், அதுவும் காத்திருந்து. லெட்டர்மன் கார்சனையே கூப்பிட்டுக் கேட்கிறார். நானாக இருந்தால் போய்விடுவேன் என்கிற மாதிரி பதில் வருகிறது. 1993 ஆகஸ்ட் 30 அன்று சிபிஎஸ்ஸில், 'தி டுநைட் ஷோ' வருகிற அதே இரவு 11:30 மணிக்கு எதிர்க்கடை திறந்தாயிற்று, வருடத்துக்குச் சுமார் 1.4 கோடி டாலர் சம்பளத்தில்.

குறையும் உண்டு. லெட்டர்மனாக வரும் ஜான் மைக்கேல் ஹிக்கின்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டே இருக்கிறார். லெனோவாக வரும் டேனியல் ரோபக்குக்கு ஒட்டுத் தாடை. இருவரும் நகைச்சுவைக்காரர்கள் என்பதே பல இடங்களில் மறந்துபோகிறது. படம் வந்தபோது நிஜ லெனோவும் நிஜ லெட்டர்மனும் தினமும் இரவில் திரையில் இருந்தார்கள் என்பதால், அன்றைய ரசிகர்களுக்கு இது இன்னும் உறுத்தியிருக்கும்.

அதன் பிறகு நடந்தது படத்தில் இல்லை. பார்வையாளர் எண்ணிக்கையில் முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் லெட்டர்மன்தான் முன்னிலை. 1995 ஜூலையில், ஒரு விவகாரத்தில் கைதாகிச் செய்தியில் அடிபட்ட நடிகர் ஹியூ கிராண்ட் லெனோவிடம் பேட்டி கொடுத்தார். அதிலிருந்து காற்று திரும்பியது. ஹெலன் குஷ்னிக் 1996-இலேயே இறந்துவிட்டார், படம் வெளியான சில மாதங்களில்.

அப்புறம், தொடராகத்தான் வேண்டும் என்றால் அதே எச்பிஓவின் 'தி லாரி சாண்டர்ஸ் ஷோ' பாருங்கள், 1992 முதல் 1998 வரை வந்தது. முழுக்கக் கற்பனையான டாக் ஷோ, நகைச்சுவைத் தொடர். அதை எழுதி நடித்த கேரி ஷாண்ட்லிங் ஒரு காலத்தில் லெனோவைப் போலவே கார்சனுக்குப் பதிலாக உட்கார்ந்தவர். அதனால் விளம்பர இடைவேளையில் தொகுப்பாளரும் விருந்தினரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. முதல் சில பகுதிகள் மெதுவாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.