லீடர் பேர் எழுதுவதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளியில் 7ஆம் வகுப்பு ஆசிரியை. சமத்துவம், அரசியல் கட்சிகள் எல்லாம் நடத்துகிறேன். பரீட்சையில் நன்றாகவே எழுதுகிறார்கள். மணி அடித்ததும் பட்டப்பெயர், அடிதடி, ‘டீச்சர், லீடர் வேணும்னே என் பேரை எழுதிட்டான்’ என்று அழுகை. நற்பண்புகளைச் சொல்லித்தர தனிப் பீரியட் கிடையாது. என்ன செய்யலாம்?

பதில்: அந்த அழுகையிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஆசிரியர் வெளியே போனதும் லீடர் சாக்பீஸை எடுத்து, பேசியவர்கள் பேரைப் பலகையில் எழுதுவது நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. (நானும் எழுதியவன்தான். நெல்லிக்காய் கொடுத்தால் பேர் அழிந்துவிடும்.) அதிகாரம் என்றால் அடுத்தவரை மாட்டிவிடுவது, தப்பிக்க வேண்டுமானால் அதிகாரத்தில் இருப்பவரைக் ‘கவனித்துக்கொள்வது’ என்று பிள்ளைகள் இதில்தான் கற்கிறார்கள். சமத்துவப் பாடத்தை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் இதற்கு முன் எடுபடாது. நாளைக்கே நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை 20 நிமிட வகுப்புக் கூட்டம். வெள்ளிக்கிழமை உங்கள் பீரியடின் கடைசிப் பகுதியே போதும். அட்டைப் பெட்டி ஒன்றில் துளை போட்டு வையுங்கள். பிரச்சினைகளை எழுதிப் போடட்டும். நடந்ததை மட்டும் எழுத வேண்டும், ஆள் பேர் வரக்கூடாது. கூட்டத்தை நடத்துபவரை வாரந்தோறும் குடவோலை முறையில், அதாவது பேர்களைச் சீட்டில் எழுதிக் குடத்தில் போட்டு ஒன்றை எடுத்து, தேர்ந்தெடுங்கள். இந்த முறையைச் சொல்லும் சோழர் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் ஊர் வாரியத்துக்கு (நிர்வாகக் குழுவுக்கு) வர முடியாது என்று ஒரு விதி இருக்கிறது. சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள். நிலமும் சொந்த மனையில் வீடும் இல்லாதவர் பேர் அந்தக் குடத்துக்குள் போகவே போகாது என்பதையும் மறைக்காதீர்கள்.

முதல் கூட்டத்துக்குச் சின்ன விஷயம் ஒன்றை எடுங்கள்: இருப்பது ஒரே பந்து, யார் எப்போது விளையாடுவது? அவர்கள் முடிவு செய்தது திங்கட்கிழமை நடக்க வேண்டும். கருத்துக் கேட்டுவிட்டு நீங்களே மாற்றுவதைவிடக் கேட்காமலே இருப்பது மேல்.

பயிற்சி வகுப்புகளில் ‘சமூக, உணர்வுத் திறன்கள்’ என்று சொல்வதெல்லாம் இந்தப் பந்துச் சண்டைக்குள்ளேயே இருக்கிறது. நம் பிள்ளைகளிடம் எல்லா உணர்வுக்கும் ‘கோவம்’ என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. எரிச்சலா, அவமானமா, பொறாமையா, ஏக்கமா, பயமா என்று கேட்டுப் பாருங்கள். ‘பந்து தரலன்னு அடிக்கல டீச்சர், எப்பவும் என்னைக் கடைசியாத்தான் கூப்பிடறாங்க’ என்று ஒரு பையன் சொல்லிவிட்டால் பாதி சண்டை அங்கேயே இறங்கிவிடும். எதிராளி பதில் பேசுவதற்கு முன், கேட்டதைத் தன் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கையோடு கை கொடுக்க வைத்து ‘சாரி சொல்லு’ என்பது வேண்டாம். அதில் நடிப்புத்தான் வளரும்.

எல்லாவற்றையும் ஓட்டுக்கு விடக்கூடாது. ஒரு பிள்ளைக்கு என்ன தண்டனை என்பதைப் பெரும்பான்மை தீர்மானிக்கக் கூடாது. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதும் அப்படித்தான். நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் சாதி வெறியால் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது, அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்று பரிந்துரைத்தது. அந்த விதி உங்களுடையதாக இருக்கட்டும்.

பெட்டியை முதலில் நீங்கள் தனியாகப் படியுங்கள். பாலியல் தொல்லை பற்றி ஒரு வரி இருந்தாலும் அதைக் கூட்டத்துக்குக் கொண்டுவராதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே பேசுங்கள்.

அப்புறம், வகுப்புக்குள் தீராதவை வரும்: ஒழுகும் குழாய், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். பிள்ளைகளே மனு எழுதி அவர்கள் கையில் கொடுக்கட்டும். பதில் வராவிட்டால் மறுபடி எழுதட்டும். நவம்பர் 1, மார்ச் 22 போன்ற கிராமசபை நாளில், பெற்றோர் ஒப்புதலோடு கூட்டிப்போய் ஓரமாக உட்கார வையுங்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பேசவிடாமல் கத்தினால், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு விஷயம் கிடைத்தது.

முதல் மாதம் உங்கள் கூட்டமும் கத்தலாகத்தான் இருக்கும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.