மூச்சுப் பயிற்சி செய்தால் தலை சுற்றுகிறதா?

கேள்வி: வயது 43. தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் குமுளி ஏறி, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறேன். விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால்தான் சமையல் முடியும். சில மாதங்களாக நெஞ்சு படபடப்பு. அலுத்துப் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. செல்போனில் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்தேன். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி, விரலெல்லாம் மரத்துப்போனது. பயந்து விட்டுவிட்டேன். எனக்கு இது ஒத்துக்கொள்ளாதா?

பதில்: ஒத்துக்கொள்ளும். செய்த விதத்தை மாற்றினால் போதும். 'நன்றாக இழுத்து விடுங்கள்' என்றதும் பெரிது பெரிதாக, வேகவேகமாக இழுக்கத் தோன்றும். அப்போது ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அதை வெறும் கழிவு என்று நினைத்துவிடாதீர்கள். அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும். தலை சுற்றுவது அதனால்தான். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரத்துப்போவதும் இந்த வாயு குறைவதால்தான். நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும்.

உங்களுக்கு வேண்டியது மெதுவான மூச்சு. சும்மா இருக்கும்போது பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். அதை 6 அளவுக்குக் கொண்டுவந்தால் உடம்பு அடங்கும். மூக்கால் 4 எண்ணும்வரை அலட்டாமல் இழுங்கள், 6 எண்ணும்வரை விடுங்கள். மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். துடிப்பைத் தணிக்கும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியே போகும் நேரத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது. அதனால்தான் விடுவதை நீட்டச் சொல்கிறேன். மூச்சை அடக்கிப் பிடிப்பது, கபாலபாதி போல வேகமாகச் செய்வது எதுவும் இப்போது வேண்டாம்.

எண்ணினால் சிலருக்குப் பதற்றம் கூடும். அப்படியானால் எண்ணிக்கையை விடுங்கள். பிள்ளைக்குப் பாடிய 'ஆராரோ ஆரிரரோ'வை மெல்லிய குரலில் இழுத்துப் பாடுங்கள். ஒரு வரி முடிவதற்குள் மூச்சு தானாக நீளமாக வெளியேறியிருக்கும்.

உங்கள் வேலையையும் பார்க்க வேண்டும். ஏலச் சரம் தரையோடு கிடப்பதால் மணிக்கணக்கில் குத்தவைத்துக் குனிந்தே காய் எடுக்கிறீர்கள். வயிறு தொடையோடு மடங்கிவிடுவதால், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும், மூச்சுக்கு முக்கியமான தசையான உதரவிதானம் கீழே இறங்க இடமில்லை. மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்றுவிடும், தோளும் கழுத்தும் அந்தச் சுமையை எடுத்துக்கொள்ளும். சாயங்காலம் பிடரி கடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு தூர் முடித்து அடுத்ததற்குப் போகும்போது நிமிர்ந்து நின்று இரண்டு மூன்று நீண்ட மூச்சு விடுங்கள். தனியாக நேரம் ஒதுக்க முடியாத உங்களுக்கு இதுதான் சரிப்படும். இரவில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, வயிற்றில் கை வைத்து ஐந்து நிமிடம் செய்யுங்கள். இழுக்கும்போது கை மெல்ல உயர வேண்டும்.

ஒன்று சொல்லியாக வேண்டும். மூச்சுப் பயிற்சி தூக்கத்துக்கு ஈடாகாது. விடியற்காலைச் சமையலில் பாதியையாவது வீட்டில் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

அப்புறம், இந்தப் படபடப்பை மனக்கவலை என்று தள்ளிவிடாதீர்கள். ரத்தசோகை இருந்தாலும், தைராய்டு கூடினாலும் இப்படித்தான் இருக்கும். அரசு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதற்குச் சிகிச்சை வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் என்றால், மூச்சுப் பயிற்சியை நம்பி அதை நிறுத்தக் கூடாது. நெஞ்சுவலியோ, படியேறினால் மூச்சு வாங்குவதோ இருந்தால் நாள் கடத்தாமல் போய்ப் பாருங்கள்.

தோட்டத்தில் மருந்தடித்த நாளில் மூச்சு முட்டி, கண்ணிலும் வாயிலும் நீர் ஊற்றி, வியர்த்துக் கொட்டினால் அது பூச்சிமருந்து விஷமாக இருக்கலாம். அப்போது பயிற்சி எதுவும் செய்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உடுத்திய துணியை மாற்றி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். அடித்த மருந்தின் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.