ஒரே ஒரு ஸ்பெல்லோடு பாதாளத்துக்குள்: மேஜிக் யூசர் கேள்வி பதில்

மேசையில் பகடை உருட்டிக் கதாபாத்திரமாக ஆடும் விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 பேசிக் பதிப்பில் மேஜிக் யூசர், அதாவது ஸ்பெல் (மந்திரம்) போடும் மந்திரவாதி, ஆடுகிறவர்களுக்கு இங்கே பதில் சொல்கிறேன். மற்ற பதிப்புகளில் விதிகள் வேறு. எந்தப் பதிப்பு என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கே: அக்கா, ஹிட் பாயிண்டுக்கு (உயிர்ப் புள்ளிக்கு) நாலு முகப் பகடை, எனக்கு விழுந்தது 1. கவசம் கிடையாது, ஆயுதம் குத்துவாள் மட்டும், நாளுக்கு ஒரே ஸ்பெல். இந்த ஆள் எதற்கு?

ப: என் முதல் மேஜிக் யூசருக்கு 2 விழுந்தது. மூன்றாவது அறையில், சும்மா நிற்கப் பிடிக்காமல் குத்துவாளோடு முன்னால் போனேன். கோப்ளின் என்ற குட்டிப் பூதம் ஒரே ஒரு அடி அடித்தது, செத்துப்போனேன். ஸ்பெல்லைப் பயன்படுத்தவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்தப் பதிப்பில் லெவல் ஏறத் தேவையான எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) பெரும்பாலும் புதையலில்தான் வருகிறது. வெளியே கொண்டுவந்து சேர்த்த ஒவ்வொரு தங்கக் காசுக்கும் ஒரு புள்ளி. ஆகவே சண்டையைத் தவிர்த்துவிட்டுப் புதையலைத் தூக்கிவந்தாலும் லெவல் ஏறும். இரண்டாம் லெவலுக்கு 2,500 புள்ளி வேண்டும், அதுவரை உயிரோடு இருப்பதுதான் உங்கள் வேலை. பந்தம் பிடியுங்கள், வரைபடம் போடுங்கள், பத்தடிக் கோலால் தரையைத் தட்டிப் பாருங்கள். இடுப்பில் எண்ணெய்க் குப்பி இருக்கட்டும். குறி தப்பாமல் பட்டால் எரியும் எண்ணெய் 1 முதல் 8 வரை சேதம் தரும், வாளுக்குக் குறைந்ததில்லை. முன்வரிசைக்கு மட்டும் போகாதீர்கள்.

கே: எந்த ஸ்பெல் எடுப்பது?

ப: ஸ்லீப். இரண்டு எட்டு முகப் பகடை உருட்டி, வருகிற கூட்டுத்தொகை அளவுக்கு ஹிட் டைஸ் (எதிரியின் பலத்தைக் காட்டும் எண்) உள்ள எதிரிகள் தூங்கிவிடுவார்கள். சராசரி 9. சேவிங் த்ரோ, அதாவது ஸ்பெல்லிலிருந்து தப்பிக்க எதிரிக்கு உருட்டும் பகடை, கிடையாது. போன மாதம் ஒரு குறுகிய பாதையில் ஓர்க் என்ற அரக்கர்கள் ஒன்பது பேர் எங்களை மறித்தார்கள். எங்கள் மேஜிக் யூசர் உருட்டியதில் 6, 5. ஒன்பது பேரும் ஈட்டியோடு சரிந்தார்கள். மேசையில் யாருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. எலும்புக்கூடு, ஸோம்பி மீது இது பலிக்காது.

கே: மேஜிக் மிஸைல்?

ப: அது மாய அம்பு, 2 முதல் 7 வரை சேதம். ஒரு நாளின் ஒரே ஸ்பெல்லை அதற்குக் கொடுக்க வேண்டாம். எண்ணெய்க் குப்பி இருக்கிறது.

கே: எனக்கும் ஹிட் பாயிண்ட் 1தான். என்ன செய்ய?

ப: முதல் பதிலைப் படியுங்கள். முன்வரிசைக்குப் போகாதீர்கள்.

கே: ஐந்தாம் பதிப்பு விஸார்டுக்கும் இதுதானா?

ப: இல்லை. அங்கே கேன்ட்ரிப் (எத்தனை முறையும் போடக்கூடிய சிறு ஸ்பெல்) உண்டு, ஹிட் பாயிண்டும் ஆறு முகப் பகடை. பதிப்பைப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்று மேலேயே சொன்னேன்.

கே: ஸ்லீப் ஒரு சண்டையோடு முடிந்துவிடும். சார்ம் பெர்சன்தான் ஒசத்தி. ஓகர் என்ற பெரிய அரக்கனை மயக்கினால் மாதக்கணக்கில் உங்கள் ஆள்.

ப: நல்ல வாதம். ஓகர் ஒரு அடிக்கு 10 வரை சேதம் செய்யும், புத்தி குறைந்த ஜீவன் என்றால் அடுத்த சேவிங் த்ரோ ஒரு மாதம் கழித்துத்தான். ஆனால் முதல் சேவிங் த்ரோ ஒன்று இருக்கிறதே! இருபது முகப் பகடையில் 14 அல்லது அதற்கு மேல் வந்தால் ஓகர் தப்பித்துவிடும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வாய்ப்பு. எட்டடி தூரத்தில் கோபமான ஓகர், கையில் ஸ்பெல் இல்லை. யோசியுங்கள்.

கே: அதே ஆள்தான். ஸ்லீப்பும் எலும்புக்கூட்டிடம் பலிக்காதே. சார்முக்குக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு வாய்ப்பு போதாதா?

ப: எலும்புக்கூட்டிடம் சார்மும் பலிக்காது. ஆனாலும் நீங்கள் சொல்வதில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். குழுவில் ஆள் குறைவு, போவது ஓகர் இருக்கும் குகை என்று முன்பே தெரியும், அப்போது நானும் சார்ம்தான் எடுப்பேன். எதுவும் தெரியாமல் இறங்கும் இடத்துக்கு ஸ்லீப்.

கே: ஃபயர்பால் எப்போது?

ப: ஐந்தாம் லெவல், 20,000 எக்ஸ்பி.

கே: மயங்கிய ஓகரிடம் என்ன மொழியில் பேசுவது?

ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். இருவருக்கும் தெரிந்த மொழி இல்லாவிட்டால் கட்டளை போட முடியாது, அது உங்களைக் காப்பாற்ற மட்டும் பார்க்கும். உங்கள் ஆளின் இன்டெலிஜென்ஸ் (அறிவு மதிப்பு) 16 இருந்தால் கூடுதலாக இரண்டு மொழி கிடைக்கும். ஆளை உருவாக்கும்போதே ஒன்றை ஓகர் மொழியாக எழுதிவையுங்கள்.