புதுக் கடல்மீன் தனிமைத் தொட்டியில் திடீரென்று செத்தால்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, நேற்று பார்சலில் வந்த ப்ளூ டாங், தனிமைத் தொட்டியில் (புது மீனை நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தனியாக வைக்கும் தொட்டி) விட்ட நாலு மணி நேரத்தில் செத்துவிட்டது. உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை. பையைத் திறந்து வைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கலந்துதான் மாற்றினேன். எங்கே தப்பு?

பதில்: அந்த இரண்டு மணி நேரத்தைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரு நாள் முழுக்கப் பையில் அடைபட்டு வரும்போது மீன் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) இறங்கிவிடும், கூடவே அம்மோனியாவும் சேரும், ஆனால் பிஎச் குறைவாக இருக்கிற வரைக்கும் அதில் பெரும்பகுதி விஷம் குறைந்த அம்மோனியமாக இருப்பதால் மீன் தாக்குப்பிடிக்கும். பையைத் திறந்தால் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அதே தண்ணீர் செவுளைப் பொசுக்க ஆரம்பிக்கும். அதனால் தூரத்திலிருந்து வரும் மீனுக்குச் சொட்டு முறையே வேண்டாம். முதல் நாளே கடையில் உப்பளவு கேட்டு உங்கள் தொட்டியை அதே அளவில் வையுங்கள். பையைத் திறக்காமல் 15 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்ததும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

கேள்வி: உப்பளவு (ஒப்படர்த்தி) கடையில் 1.018, என்னிடம் 1.025. அப்படியே விட்டேன். இரண்டு நாள் நன்றாகச் சாப்பிட்டது, மூன்றாம் நாள் காலையில் தரையில் கிடக்கிறது.

பதில்: உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், திடீரென்று ஏறுவதைத் தாங்காது. உடம்பு நீரை இழந்துகொண்டே போகும், உடனே சாகாததால் நோய் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு நாளைக்கு 0.001, மிஞ்சினால் 0.002 மட்டும் ஏற்றுங்கள். ஒரு வாரம் ஆனால் ஆகட்டும்.

கேள்வி: ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது, பவர்ஹெட் (தண்ணீரை ஓடவைக்கும் பம்ப்) முன்னாலேயே நின்றது, இரவில் செத்தது. வெள்ளைப் புள்ளி இல்லையே?

பதில்: நீங்கள் சொல்வது அப்படியே வெல்வெட் என்ற ஒட்டுண்ணி நோய் மாதிரி இருக்கிறது. அந்த ஒட்டுண்ணி முதலில் செவுளில்தான் உட்காரும், உடம்பில் தங்கப்பொடி தூவியது போலத் தெரிவதற்குள் மீன் போய்விடும். வெள்ளைப் புள்ளி வரும் இன்னொரு ஒட்டுண்ணி நோயான இக் பொதுவாக இவ்வளவு வேகமாகச் சாகடிக்காது.

செத்த மீனைத் தயவுசெய்து உடனே தூக்கி எறியாதீர்கள். நேரம் ஆக ஆக ஒட்டுண்ணி கழன்றுவிடும், அதனால் ஒரு மணி நேரத்துக்குள் செவுள் மூடியைத் தூக்கி, சின்னக் கத்தரியால் ஒரு துணுக்கு வெட்டி, தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கில் பாருங்கள். செவுள் இழைகளுக்கு நடுவே அசையாமல் ஒட்டியிருக்கும் கருத்த உருண்டைகள் என்றால் வெல்வெட், மெதுவாகச் சுழன்றால் இக். வெல்வெட் என்றால் மிச்சமிருக்கும் மீன்களுக்கு இன்றைக்கே காப்பர் (தண்ணீரில் கலக்கும் செம்பு மருந்து) தொடங்க வேண்டும், நாளைக்குத் தள்ளிப்போட நேரம் இல்லை.

கேள்வி: காப்பர் ஓடும்போது அம்மோனியா ஏறியது, அம்மோனியாவை அடக்கும் திரவம் ஊற்றினேன். காலையில் மூன்றும் போச்சு.

பதில்: ரொம்ப வருத்தமாக இருக்கிறது. அந்தத் திரவங்களில் பல, காப்பரோடு சேர்ந்தால் காப்பரை இன்னும் கொடிய விஷமாக்கிவிடும். அடுத்த முறை அம்மோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீரிலும் அதே அளவு காப்பர் கலந்தபிறகு ஊற்றுங்கள்.

கேள்வி: சயனைடு விஷம் போட்டு மயக்கிக் கடலில் பிடித்த மீனாக இருக்குமோ?

பதில்: இருக்கலாம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கம் அந்தப் பழக்கம் உண்டு. ஆனால் வீட்டில் அதை நிரூபிக்க முடியாது. உப்பளவு, அம்மோனியா, செவுள் மூன்றையும் பார்த்து முடித்தபிறகு அந்தப் பக்கம் போங்கள்.